பாலைவனப் பல்லிக்கு என்ன தரை?

பாலைவனத்து ஓணானை வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் கூடவே ஒரு பை மணலையும் விற்றுவிடுவார். சிவப்பு, மஞ்சள், சில கடைகளில் நீலம்கூடக் கிடைக்கும். கண்ணாடித் தொட்டியின் அடியில் அதைக் கொட்டிப் பரப்பி, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கள்ளிச்செடியைச் செருகிவிட்டால் பாலைவனம் தயார். ஏற்கெனவே வளர்த்துப் பழகிய ஒருவரைக் கேட்டால் நேர்மாறான உபதேசம் வரும்: "மணலா? அதைத் தின்று குடல் அடைத்துச் செத்துப்போகும். டைல்ஸ் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளை விரியுங்கள்." புதிதாக வளர்க்க வந்தவர் இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பார். கவனித்துப் பார்த்தால் இரண்டு கட்சிகளும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. பாலைவனம் என்றால் கால் புதையும் உதிரி மணல் என்று இரண்டுமே நினைக்கின்றன. ஒன்று அதை விரும்புகிறது, மற்றது அதைக் கண்டு பயப்படுகிறது. அந்த விலங்குகள் உண்மையில் எந்த மண்மேல் வாழ்கின்றன என்பதை இரண்டுமே கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டால், தொட்டிக்கான மண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை போதும் என்பது புரியும்: அந்த மண்ணில் ஒரு வளை தோண்டினால் அது இடியாமல் நிற்குமா?

உலகெங்கும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் வறண்டநிலப் பல்லியினங்களில் இரண்டு முன்னணியில் நிற்கின்றன. ஒன்று, 'பியர்டட் டிராகன்' என்று அழைக்கப்படும் தாடி ஓணான். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், மழை குறைந்த புதர்க்காடுகளிலும் செம்மண் வெளிகளிலும் வாழ்வது. பகலில் வேலிக்கம்பத்தின் மீதோ பட்டமரத்தின் மீதோ ஏறி வெயில் காயும். மிரண்டால் தொண்டைத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும். தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக வெளியே அனுப்ப ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாக அனுமதிப்பதில்லை. ஆகவே இன்று உலகச் சந்தையில் விற்பவை வேறு நாடுகளில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள். இன்னொன்று 'லெப்பர்ட் கெக்கோ' எனும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவை இதன் தாயகம். கல்கத்தா ஏஷியாடிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு விரல்களின் அடியில் ஒட்டும் தகடுகள் உண்டு, இமை கிடையாது. இதற்கு இமை உண்டு, ஒட்டும் தகடுகள் கிடையாது, சிறு நகங்கள்தான். அதனால் கண்ணாடியில் ஏறாது. தரையோடு தரையாக, கல்லிடுக்கிலும் பொந்திலும் பகலைக் கழித்துவிட்டு அந்தியில் வெளியே வரும்.

இந்த இரண்டின் தாயகத்திலும் மணற்குன்றுகள் இருக்கலாம். ஆனால் இவை பெரும்பாலும் அங்கே குடியிருப்பதில்லை. உலகப் பாலைவனங்களின் மொத்தப் பரப்பில் மணல் மூடிய பகுதி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சரளைவெளி, பாறை, உப்பளம், வெயிலில் இறுகிய களிமண் தரை. சினிமாவும் நாட்காட்டிப் படங்களும் அந்த ஐந்தில் ஒரு பங்கையே திரும்பத் திரும்பக் காட்டியதால் மீதி நான்கு பங்கு நம் மனதில் பதியவில்லை. தார் பாலைவனத்திலும் கட்ச் பகுதியிலும் வாழும் முள்வால் ஓணான் இதற்கு நல்ல சாட்சி. வடக்கே 'சாண்டா' என்பார்கள். சந்தைகளில் பாட்டிலில் விற்கும் சாண்டா எண்ணெய்க்காகக் கொல்லப்படுவது இந்த அப்பாவிதான். இது வளை தோண்டத் தேர்ந்தெடுப்பது மிதித்தால் சரியும் மணலை அல்ல, நகத்தால் பிறாண்டித்தான் தோண்டியாக வேண்டிய கெட்டி மண்ணை. வளை சாய்வாகக் கீழிறங்கி ஒரு மீட்டரையும் தாண்டிப் போகும். உள்ளே நுழைந்ததும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். பாம்பும் வராது, வெக்கையும் வராது. அத்தனை நீள வளை கூரை இடியாமல் நிற்பதற்கு அந்த மண்ணின் சேர்மானமே காரணம்.

உதிரி மணலில் வாழவென்றே உருவான பல்லிகளும் உண்டு, மறுக்கவில்லை. வட ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் உள்ள 'சாண்ட்ஃபிஷ்' எனும் மணல்மீன் அரணை அவற்றில் பிரபலமானது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2009இல் எக்ஸ்ரே படப்பிடிப்பின் மூலம் அது மணலுக்குள் நகரும் விதத்தைக் காட்டினார்கள். கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, பாம்பைப்போல் உடலை நெளித்தே அது மணலில் நீந்துகிறது. ஆப்பு வடிவ மூக்கு, வழுவழுப்பான செதில், மணல் புகாத காதுத்துளை என்று உடம்பு முழுவதும் அந்த வேலைக்காகவே செய்யப்பட்டிருக்கிறது. தாடி ஓணானையும் சிறுத்தைப் பல்லியையும் பாருங்கள். இந்த ஏற்பாடுகளில் ஒன்றும் கிடையாது. முன்னதற்கு உடம்பெங்கும் முள். பின்னதற்குப் புடைப்புப் புடைப்பான தோல். மணலில் நீந்தப் பிறந்த உடல்கள் அல்ல இவை.

வளை நிற்பதும் சரிவதும் மண்துகளின் அளவைப் பொறுத்தது. மணல் துகள் என்பது 0.06 முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ளது. அதைவிடச் சிறியது வண்டல். 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் களி. கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் வீடு கட்டுவார்கள். மணல் காய்ந்ததும் அது பொலபொலவென்று உதிரும். ஈரமாக இருந்தவரை துகள்களுக்கு நடுவே நின்ற நீர்தான் அவற்றை இழுத்துப் பிடித்திருந்தது. நீர் போனதும் பிடி போயிற்று. களித்துகளோ தட்டையானது, மிக நுண்ணியது. நனையும்போது மணல் துகள்களின் மேல் பூச்சாகப் படர்ந்து, காயும்போது அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும். மணலோடு அளவாகக் களி சேர்ந்த மண் நனைந்து காய்ந்தால் கெட்டிப்படுவது இதனால்தான். பாலைவனத்தில் எப்போதோ பெய்யும் மழையும் அதன்பின் மாதக்கணக்கில் அடிக்கும் வெயிலும் செய்யும் வேலை இது. தொட்டியில் இதே வேலையைக் கைக்குட்பட்ட அளவில் நாம் செய்தாக வேண்டும். மணலை மட்டும் கொட்டினால் எத்தனை முறை நனைத்துக் காயவைத்தாலும் அது மணலாகவே இருக்கும்.

வளை அத்தனை முக்கியமா என்று கேட்கலாம். ஊர்வனவற்றுக்கு உடல் வெப்பத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெயிலில் நின்று சூடேற்றி, நிழலுக்குப் போய்த் தணித்துக்கொள்வதே அவற்றின் வாழ்க்கை. தாடி ஓணான் வெயில் காயும் இடத்தில் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்; அதே தொட்டியின் மறுகோடி 25 டிகிரியையொட்டி இருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை விளக்கு பாதி தருகிறது, தரை பாதி தருகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழ மண்ணின் மேல்புறம் சுட்டாலும் அடிப்புறம் சில்லென்றிருக்கும். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் லேசான ஈரம் தங்கும். சிறுத்தைப் பல்லிக்கு அந்த ஈரம் உயிர்நாடி. தோல் உரிக்கும் சமயத்தில் ஈரமான பதுங்கிடம் கிடைக்காவிட்டால் விரல்நுனிகளில் பழைய தோல் வளையமாக இறுகி நின்றுவிடும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே கருகி உதிரும். கடைகளில் விரல் குறைந்த சிறுத்தைப் பல்லிகளைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. ஆஸ்திரேலியாவின் 'தார்னி டெவில்' எனும் முள்ளோணான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் செதில்களுக்கு இடையே மிக மெல்லிய வாய்க்கால்கள் உள்ளன. ஈர மணல்மேல் நின்றும், அந்த மணலை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டும், தோலில் ஊறும் நீரை அந்த வாய்க்கால்கள் வழியே வாய்வரைக்கும் கொண்டுசேர்க்கிறது. நிலத்தையே தண்ணீர்ப் பானையாகப் பயன்படுத்தும் உயிரினம் அது. அதை யாரும் வீட்டில் வளர்க்கப் போவதில்லை. ஆனாலும் வறண்டநில விலங்கு ஒன்றுக்குத் தரை எத்தனை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவதும் பெரியதும் குடல் அடைப்பு. இது கற்பனைப் பயம் அல்ல. மண்ணும் மணலும் குடலில் அடைத்து இறந்த பல்லிகளைக் கால்நடை மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறார்கள். கேள்வி, அந்த மண் நோய்க்குக் காரணமா, அல்லது வேறொரு நோயின் அடையாளமா என்பது. ஊர்வனவற்றின் செரிமானம் உடல் சூட்டை நம்பியது; வெயில் காயும் இடம் போதிய சூடில்லாவிட்டால் குடல் மந்தமாகிவிடும். தண்ணீர் போதாவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகும். கால்சியம் குறைந்தாலோ, அதை உடம்பில் சேர்க்க உதவும் வைட்டமின் டி3 உண்டாக யூவிபி விளக்கு இல்லாவிட்டாலோ விலங்கு மண்ணைத் தேடித் தின்னத் தொடங்கும். குடல் தசைகளும் வலுவிழக்கும். ஒட்டுண்ணிப் புழுக்கள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இப்படி நாலு கோளாறுகள் சேர்ந்த தொட்டியில் கடைசியாகக் குடலில் அகப்படுவது மண். எக்ஸ்ரேயில் தெரிவதும் அதுமட்டுமே. சூடும் நீரும் கால்சியமும் சரியாக இருக்கும் வளர்ந்த விலங்கு, இரையோடு போகும் நுண்மண்ணை எச்சத்தோடு தள்ளிவிடுகிறது. தரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் வெப்பமானியைப் பாருங்கள் என்பதே இதன் பொருள்.

ஆனாலும் அந்தப் பயம் முழுக்கத் தவறு என்று சொல்லிவிடக் கூடாது. குஞ்சுகள் இரையைக் குறி தவறிக் கவ்வும். அவற்றின் குடலும் சிறியது. நோயுற்ற விலங்குக்குத் தள்ளும் சக்தி இராது. இவற்றுக்கு உதிரித் தரை கூடாது என்பதில் விவாதமே இல்லை. எந்த உதிரிப் பொருள் என்பதும் முக்கியம். வாய்க்குள் முழுதாக நுழையக்கூடிய சரளைக்கல், மரப்பட்டைச் சில்லு, ஈரம் பட்டால் ஊதும் மக்காச்சோளத் தண்டுத் துணுக்கு, முனை கூரான அக்ரூட் ஓட்டுத் தூள் ஆகிய எல்லாமே ஆபத்து. இவற்றில் மோசமானது 'கால்சியம் மணல்' என்ற பெயரில் விற்கப்படுவது. கால்சியம் கார்பனேட் என்பதால் தின்றாலும் செரித்துவிடும், சத்தும்கூட என்பது விற்பனைப் பேச்சு. கார்பனேட் வயிற்று அமிலத்தை முறிக்கும். ஈரம் பட்டால் கட்டிதட்டும். சத்து என்று ஆசைகாட்டித் தின்ன வைத்துவிட்டு, செரிமானத்தையும் கெடுக்கும் சரக்கு அது. இவையெல்லாம் உதிரியாகக் கிடப்பவை. நனைத்து இறுக்கிக் காயவைத்த மண்கலவையோ உதிரி அல்ல. அதன்மேல் ஓடும் சில்வண்டைக் கவ்வும்போது வாயில் ஒட்டுவது கொஞ்சம் புழுதிதான். தட்டில் வைத்தோ இடுக்கியால் நீட்டியோ இரை கொடுத்தால் அதுவும் குறையும்.

இரண்டாவது மறுப்பு சுத்தம். டைல்ஸைத் துடைக்கலாம், செய்தித்தாளைச் சுருட்டி எறியலாம், மண்ணை என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஒரு சூழ்நிலையில் இதற்குக் காகிதமே சரியான பதில்: புதிதாக வந்த விலங்கைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கும் காலம். எச்சம் எப்படி இருக்கிறது, அதில் புழு இருக்கிறதா, உண்ணி ஊர்கிறதா என்பதெல்லாம் வெள்ளைக் காகிதத்தில்தான் பளிச்சென்று தெரியும். ஒட்டுண்ணிக்கு மருந்து கொடுக்கும் காலத்திலும் அப்படியே. ஆனால் நிரந்தர வீட்டில் மண் அழுக்குக்கு வழி என்று சொல்வது பழக்கக் கோளாறு. வழவழப்பான தரையில் எச்சத்தை விலங்கே மிதித்துத் தொட்டியெங்கும் பூசிவிடும். மண்ணில் அது ஓரிரு மணிநேரத்தில் காய்ந்து கட்டியாகும், சிறு கரண்டியால் அள்ளிவிடலாம். சிறுத்தைப் பல்லி பெரும்பாலும் ஒரே மூலையைக் கழிப்பிடமாக வைத்துக்கொள்வதால் அந்த மூலை மண்ணை மட்டும் மாற்றினால் போதும். துணிக் கம்பளம் விரிப்பவர்களும் உண்டு. கழுவிக் காயப்போட்டாலும் இழைகளுக்குள் கிருமி தங்கும், நகம் சிக்கிக் கிழியும். ஊர்வன எந்தத் தரையில் இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. டைல்ஸ் போட்டவரும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் சூட்சுமமானது. இவை கூண்டிலேயே பல தலைமுறையாகப் பிறந்தவை, பாலைவனத்தைக் கண்டதே இல்லை, பின் எதற்கு இந்த ஆடம்பரம் என்பார்கள். இதற்குப் பதிலைப் பெண் தாடி ஓணானே சொல்கிறது. ஆண் துணை இல்லாவிட்டாலும் அது கருவற்ற முட்டைகளைச் சுமக்கும். ஓர் ஈட்டில் இருபது முட்டைகூட இருக்கும். இடும் நாள் நெருங்கியதும் உணவை மறந்து தொட்டியின் சுவரோரமாக மேலும் கீழும் அலையும். ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி வீசித் தோண்டும். அது டைல்ஸாக இருந்தாலும் தோண்டும். நகம் கீறும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். தோண்ட முடியாமல் போனால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்திருந்து உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. யாரும் கற்றுக்கொடுக்காத, ஒரு முறையும் பார்த்திராத வேலையை அந்த உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. சில தலைமுறைக் கூண்டு வாழ்க்கை அதை அழிக்கவில்லை. ஈர மண் நிறைந்த பெட்டி ஒன்றை வைத்தால் முன்னங்கால் மறையும் ஆழத்துக்குக் குடைந்து, இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்திவிட்டு வரும். இதைத் தேவை என்று சொல்லாமல் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, கலவை. வெளிநாட்டுக் கையேடுகள் பலவும் சொல்லும் கணக்கு, மேல்மண் ஆறு ஏழு பங்கும் மணல் மூன்று நான்கு பங்கும். அதை அப்படியே பிடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை, ஏனென்றால் 'மேல்மண்' என்பது ஊருக்கு ஊர் வேறு. நம்மூர்ச் செம்மண்ணிலேயே மணலும் களியும் ஏற்கெனவே கலந்திருக்கும். அது நல்ல தொடக்கம். கரிசல் வேண்டாம். நனைந்தால் ஊதி, காய்ந்தால் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. மணலுக்குச் சலித்துக் கழுவிய பொடி ஆற்றுமணல் ஏற்றது; நீரில் உருண்டு முனை மழுங்கிய துகள்கள் அதில் இருக்கும். கட்டடத்துக்கு வரும் எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்தது. துகள் கூர்மையானது, கல்தூசியும் மிகுதி. கடல்மணலில் உப்பு. வயல்மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் இருக்கும். நர்சரியில் விற்கும் தொட்டிமண்ணில் மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்திருக்கும். செடிக்கு அமிர்தம், இதற்கு ஆகாது. உங்கள் மண்ணில் களி எவ்வளவு என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் உயரமே விகிதம். மேலடுக்கான களி மொத்தத்தில் ஐந்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. அதற்கும் குறைந்தால் குயவரிடம் கிடைக்கும் களிமண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சேர்க்கலாம். கூடினால் மணல் சேர்க்கலாம்.

கைச்சோதனை இன்னும் எளிது. கலவையை லேசாக ஈரப்படுத்தி ஒரு பிடி பிடித்து உருட்டுங்கள். உருண்டை பிடிக்காமல் விரலிடுக்கில் உதிர்ந்தால் களி போதாது. பிசுபிசுவென்று உள்ளங்கையில் அப்பிக்கொண்டால் களி அதிகம். உருண்டையை இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து கட்டிகளாக உடைய வேண்டும். இன்னொரு உருண்டையை இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் நொறுங்காமலும், நகத்தால் சுரண்டினால் தூள் உதிர்வதுமாக இருந்தால் விலங்குக்கு ஏற்ற பதம்.

இங்கே நம் தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கையேடுகள் எழுதப்பட்டது குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறைக்காற்று வறண்டுபோகும் நாடுகளில். மண்ணில் மட்கும் தேங்காய்நார்த் தூளும் தாராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். ஈரத்தைத் தேக்கிவைக்க அது அவர்களுக்குத் தேவை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றின் ஈரமே போதும் போதும் என்றாகிவிடும். தாடி ஓணானுக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 30, 40 விழுக்காட்டையொட்டியது. கடலோர வீடுகளில் அது சாதாரணமாகவே 60ஐத் தாண்டும். அங்கே தேங்காய்நார்த் தூளைக் கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும். ஆகவே கடலோரத்தில் நார்த்தூளை அறவே விட்டுவிட்டு, மணலைச் சற்றுக் கூட்டி, தொட்டியின் மேல்மூடியை முழுக்கக் கம்பிவலையாக வைப்பதே உசிதம். கோவை, மதுரை, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் இந்தக் கெடுபிடி குறைவு. சிறுத்தைப் பல்லிக்கு வேண்டிய ஈரத்தை மூடியுள்ள சிறு டப்பா ஒன்றில் தனியாகக் கொடுத்துவிடலாம். நார்த்தூளுக்கு உரிய இடம் அந்த டப்பாதான்.

தரை போடுவதில் இரண்டு விபத்துகளைத் தவிர்க்க வேண்டும். பாறாங்கற்களை மண்மேல் வைக்கக் கூடாது. முதலில் தொட்டியின் அடித்தளத்தில் அசையாமல் கல்லை உட்கார வைத்து, அதைச் சுற்றி மண்ணை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் விலங்கு அடியில் குடைந்து, கல் இறங்கி நசுங்கிவிடும். அடுத்தது அடிச்சூட்டு விரிப்பு. ஆழ மண்ணுக்குக் கீழே அதை வைத்தால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். குளிர்ச்சி தேடித் தோண்டிப் போகும் பிராணி வெந்துபோகும். சூரியன் மேலே இருப்பதுபோல் சூடும் மேலிருந்துதான் வர வேண்டும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு விரற்கடை உயரமாக நிரப்பி, தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் தட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு. ஆழம் இனத்தைப் பொறுத்தது: சிறுத்தைப் பல்லிக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர், தாடி ஓணானுக்கு 10க்கு மேல், முள்வால் இனங்களுக்கு 20, 30 என்று போனாலும் தகும். மணல்மீன் அரணைக்கு மட்டும் இந்தக் கலவையெல்லாம் வேண்டாம், சுத்தமான பொடிமணல்தான்.

எடை என்ற மறுப்பை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டியது உண்மையில் அதுதான். 120 சென்டிமீட்டர் நீளமும் 60 அகலமும் உள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் போட்டால் கொள்ளளவு 72 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் 108 கிலோ. கல்லும் கண்ணாடியும் தனி. சாதாரண மேஜை இதைத் தாங்காது. கண்ணாடி அடித்தளமும் அதற்கேற்ற கனத்தில் இருக்க வேண்டும். மாடிவீட்டில் இருப்பவர்கள் மண்ணை ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் சரிவாகப் போடலாம். எடை கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும், விலங்குக்கு மேடும் பள்ளமும் கிடைக்கும்.

வாங்கும் முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு முள்வால் ஓணான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதன் ஆப்பிரிக்க, அரேபிய உறவினங்களான உரோமாஸ்டிக்ஸ் பல்லிகள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நம் வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அத்தகைய விலங்குகளை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். 'காட்டிலிருந்து வந்தது, ஆரோக்கியமானது' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். முறையாகக் கூண்டில் பிறந்ததை, உரிய காகிதங்களோடு வாங்குவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள்: விலங்கைக் கொண்டுவரும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே மண்ணைப் போட்டு, விளக்கை எரியவிட்டுக் காயவையுங்கள். முதல் வாரத்தில் பூஞ்சணம் எட்டிப் பார்த்தால் சுரண்டி எடுத்துவிட்டு மேலும் காயவிடுங்கள். காய்ந்த தரையின் ஓரத்தில் உங்கள் விரலாலேயே ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் அதன் கூரை நின்றால், பல்லியை வாங்கி வரலாம்.